வயதைக் காட்டி வாய்தா கேட்காதீர்கள்

சனிக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடியும் பகிரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் லியோன் நகரில் ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைவராக இருந்து, யூதர்களைச் சாவு முகாம்களுக்கு அனுப்பியவர் கிளாஸ் பார்பி. அவர் வழக்கைப் பற்றிப் பேச வந்தவர், எழுபத்து மூன்று வயதுக் கிழவரைக் கூண்டில் நிறுத்தி என்ன சாதித்தார்கள், மன்னித்திருந்தால் அந்தத் தாய்மார்களுக்காவது நிம்மதி கிடைத்திருக்குமே என்று உருகினார். அரங்கம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்தத் தாய்மார்கள் ஐயா? ஒரு பெயராவது சொன்னீர்களா?

நான் சொல்கிறேன். இட்டா ஹாலன்பிரன்னர். கணவரை லியோன் நகரில் சுட்டுக்கொன்றார்கள். பிடித்துச் செல்லப்பட்ட மூத்த மகன் திரும்பவே இல்லை. எட்டு வயது மினாவும் ஐந்து வயது குளோதினும் உயிர் தப்பட்டும் என்று இசியூ கிராமத்து யூதக் குழந்தைகள் இல்லத்தில் இருந்தார்கள். 1944 ஏப்ரல் 6 காலை கெஸ்டபோ லாரிகள் வந்து 44 குழந்தைகளை அள்ளிச் சென்றன. அன்று மாலையே பாரிசுக்குச் செய்தி போனது. கீழே பார்பியின் பெயர்.

துப்புக் கொடுத்தது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் போருக்குப் பிறகு நடந்த காட்டிக்கொடுப்புக்கு ஆவணங்கள் இருக்கின்றன. 1947 முதல் அமெரிக்க ராணுவ உளவுத் துறை பார்பிக்குச் சம்பளம் கொடுத்தது. பிரான்ஸ் கேட்டபோது கையை விரித்தது. 1951இல் ஆல்ட்மன் என்ற பொய்ப் பெயரில் பொலிவியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியது. பிரான்ஸ் அவர் இல்லாமலேயே 1952லும் 1954லும் மரண தண்டனை விதித்தது. அவரோ அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1983இல் அமெரிக்க அரசே இதை ஒப்புக்கொண்டு பிரான்சிடம் வருத்தம் தெரிவித்தது.

ஆக, 1947இல் பிடித்துக் கொடுத்திருந்தால் அவருக்கு முப்பத்து மூன்று வயது. அவரைக் கிழவராக்கியது யார்? அந்தத் தாயா? ஒளித்து வைத்தவர்கள் கொடுத்த காலம் அது. அதையே இப்போது கருணை மனுவாக நீட்டுகிறீர்கள்.

1972இல் அறுபது வயதைக் கடந்த இட்டா, தப்பிய நாஜிகளைத் தேடி வந்த பியாட்டே கிளார்ஸ்ஃபெல்டுடன் பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்கே போனார். பார்பி தொடர்புடைய கப்பல் நிறுவனத்தின் வாசலில், பெஞ்சோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வீட்டிலிருந்து மன்னிப்பது எளிதாக இருந்திருக்கும் அல்லவா? பிறகு ஏன் போனார்?

"இது பழிவாங்கல்" என்பீர்கள். பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்ட பார்பிக்கு 1987இல் லியோனில் வழக்கறிஞர் வைத்து வாதாட முழு உரிமை கொடுத்தார்கள். மூன்றாம் நாளே இனி வரமாட்டேன் என்று எழுந்து போனவர் அவர்தான். எண்பதைக் கடந்த இட்டா வந்து சாட்சி சொன்னார். கிடைத்தது ஆயுள் தண்டனை. பழிவாங்கல் இப்படியா இருக்கும்?

"அல்ஜீரியாவில் பிரான்ஸ் செய்யாததா, இன்று காசாவில் நடப்பது என்ன" என்று ஏற்கெனவே இருவர் உள்பெட்டிக்கு வந்துவிட்டார்கள். பிரான்சின் காலனியாக இருந்த அல்ஜீரியாவில் நடந்தது குற்றம். காசாவைப் பற்றி நான் எழுதியவை இதே பக்கத்தில் கிடக்கின்றன, தேடிப் படியுங்கள். ஆனால் பார்பியின் வழக்கறிஞர் ஜாக் வெர்ஜேயும் இதே வாதத்தைத்தான் வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாமலே அவர் கட்சியில் போய் நிற்கிறீர்கள். அல்ஜீரியக் குழந்தைக்கு நீதி வேண்டுமென்றால் அதைக் கேளுங்கள். குளோதினிடமிருந்து பிடுங்கிக் கேட்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அத்தையின் நிலத்தைப் பங்காளி ஒருவர் பொய்க் கையெழுத்தில் எழுதி வாங்கினார். வழக்கு போட்ட நாளிலிருந்து வாய்தா மேல் வாய்தா வாங்கியது அவர் தரப்புதான். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, "பாவம், வயதாகிவிட்டது, விட்டுவிடம்மா" என்றார்கள். அத்தைக்கும் அதே வயதுதான். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. நிலமும் பிள்ளையும் ஒன்றல்ல, தெரியும், அதற்கு வேறு ஒரு பின்னூட்டம் போடாதீர்கள். ஆனால் அந்தப் "பாவம்" என்ற சொல் எப்போதும் ஒரே பக்கம் போய் விழுவதை அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். சனிக்கிழமை அந்த மேடையிலும் பார்த்தேன்.

பேசியவர் மேல்கூட வருத்தமில்லை. அவர் மேடைக்குப் பேசினார். முன்வரிசையில் கைதட்டிய மூன்று பேர் என் நண்பர்கள். இரவு சாப்பிடும்போது இட்டாவைப் பற்றிச் சொன்னேன். "நீ எல்லாவற்றையும் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்கிறாய்" என்றார் ஒருவர். மற்ற இருவரும் தோசை வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.