‘ஃபுல் ட்ரோன் கிட்’னு மூட்டை கட்டி விக்கறவங்களுக்கு

பிப்ரவரி பொறந்தா போதும், வேலூர், காட்பாடி பக்கம் ஃபைனல் இயர் பசங்க கையில ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. எஃப்450 ஃப்ரேம், ஏ2212 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்து) மோட்டார் நாலு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற 30 ஆம்பியர் இஎஸ்சி நாலு, 1045 ப்ரொபெல்லர் (இறக்கை), பறக்கறதைக் கட்டுப்படுத்தற கேகே 2.1.5 போர்டு, மூணு செல் உள்ள 3எஸ் 2200 லைப்போ பேட்டரி, பி3 சார்ஜர், சிடி6பி ரிமோட். ப்ராஜெக்ட் தலைப்போ “ஜிபிஎஸ் மூலம் தானே பறந்து மருந்து தெளிக்கும் விவசாய ட்ரோன்”. யோவ், அந்த கேகே போர்டுல ஜிபிஎஸ் மாட்ட வழியே இல்லய்யா! உயரம் காட்டற பாரோமீட்டர் கிடையாது, திசை காட்டற காம்பஸ் கிடையாது. இருக்கறது சுழற்சியையும் சாய்வையும் உணர்ற கைரோவும் ஆக்சிலரோமீட்டரும்தான். உயரத்தைக்கூட அதால தானா பிடிச்சு வைக்க முடியாது. இதுவா வயல் முழுக்கத் தானே சுத்தி மருந்து அடிக்கும்?

கொஞ்சம் விவரமான பையன் கேட்டா, “ஏபிஎம் 2.8 தர்றேன் தம்பி, மேல போட்டுக் குடு”ன்னு கடைக்காரர்கிட்டருந்து பதில் வருது. அது ஜிபிஎஸ் மாட்டக்கூடிய போர்டுதான். ஆனா அதுல ஓடற ஆர்டுகாப்டர்ங்கற மென்பொருள்ல அதுக்குக் கடைசியா வந்தது 3.2.1. 2015லயே கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த எதுவும் அந்த சிப்போட மெமரியில அடங்காது. இது தெரியாமலா விக்கறாங்க?

இதுகூடப் போகட்டும். எடைக் கணக்குக்கு வாங்க, அங்கதான் வயித்தெரிச்சல். ஃப்ரேம் 280 கிராம், மோட்டார் நாலும் சேர்ந்து 240, இஎஸ்சி 100, பேட்டரி 180, போர்டு, ரிசீவர், ஒயர், இறக்கைன்னு ஒரு 150. மொத்தம் 950 கிராம். இந்த டூப்ளிகேட் மோட்டார் 3எஸ்ல 1045 இறக்கையோட முழு த்ராட்டில்ல (முழு முறுக்குல) ஒண்ணுக்கு 750 கிராம் தூக்கினாலே நல்ல மோட்டார். நாலுக்கு 3 கிலோ. நிதானமா நிக்கணும்னா அதுல பாதிக்கு மேல எடை ஏத்தக்கூடாது, அதாவது 1500. ஆக மிச்சம் கையில இருக்கறது அரை கிலோ சொச்சம். இதுல அதே கடைக்காரர் 1 லிட்டர் டேங்க்கையும் பம்ப்பையும் சேர்த்து விக்கறார்! தண்ணியே 1 கிலோ. டேங்க், பம்ப், ட்யூப், நாசில்னு இன்னொரு 300. மொத்தம் 2250. வெறுமனே மிதக்கறதுக்கே முக்கால் த்ராட்டில் போயிடும். பேட்டரி மூணு நிமிஷம் தாங்கினா அதிகம். டேங்க் பாதி காலியானதும் தண்ணி உள்ள அலம்பும், ஒவ்வொரு சாய்வுக்கும் எடை அந்தப் பக்கம் ஓடும், சரி பண்ண மோட்டார்கிட்ட வேகம் மிச்சமிருக்காது. டெமோ நடக்கறதோ ஏப்ரல்ல. 42 டிகிரி வெயில்ல காத்தோட அடர்த்தி 25 டிகிரியைவிட அஞ்சு சதவீதம் கம்மி. 150 கிராம் தூக்குசக்தி அதுலயே போச்சு.

எடை 2 கிலோவைத் தாண்டினா 2021 ட்ரோன் விதிப்படி அது மைக்ரோ வகை இல்ல, ஸ்மால் வகை. ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும். அங்கீகாரம் உள்ள காலேஜ், முன் அனுமதி கேக்காம பறக்கக்கூடிய பச்சை மண்டலத்துல, சொந்த வளாகத்துக்குள்ள ஆராய்ச்சிக்குப் பறக்க விட்டா விலக்கு உண்டு. இந்தப் பசங்க போறது பாலாத்து மணலுக்கு. மணல்ல இறங்கினா மோட்டார் காந்தம் கறுப்பு இரும்புத் துகளை அள்ளிக்கும், அது தனி தலைவலி.

மாட்டற வேலையையாவது ஒழுங்கா சொல்லித் தரலாம்ல? ஃப்ரேமோட அடித்தட்டுதான் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கற போர்டு. அந்தச் செம்புப் பட்டையில 25 வாட் சால்டரிங் அயர்ன் வச்சா சூடு அப்படியே பரவிப் போயிடும், ஈயம் மங்கின சாம்பல் நிறத்துல உருண்டையா உக்காரும். பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், இழுத்தா கையோட வரும். ஆகாயத்துல வந்தா ஒரு மோட்டார் நின்னு மொத்தமும் குப்புறக் கவுந்துரும். 60 வாட் வேணும். ஒயரையும் பட்டையையும் தனித்தனியா ஈயம் பூசிட்டு அப்புறம் சேர்க்கணும். அடுத்தது இறக்கையை மோட்டாரோட சேர்க்கற ப்ராப் அடாப்டர். 3.17 மில்லிமீட்டர் மோட்டார் தண்டை வெறும் இறுக்கத்தால பிடிச்சிருக்கற சாமான் அது. துளி எண்ணெய் இருந்தாலும் வழுக்கிட்டு இறக்கை பறந்துரும், கண்ணுக்கு ஆபத்து. துடைச்சுட்டு, நட்டோட மூக்குல இருக்கற ஓட்டையில சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் சொருகித் திருகணும். விரலால முறுக்கி விட்டுட்டு “ரெடி தம்பி”ங்கறாங்க. இஎஸ்சிக்கு ரிமோட்டோட த்ராட்டில் எல்லையைக் காட்டிக் கொடுக்கற காலிப்ரேஷனை இறக்கை மாட்டாம செய்யணும்னு ஒரு வார்த்தை கிடையாது.

பி3 சார்ஜர்ல 2200 பேட்டரி நிரம்ப மூணு மணி நேரம், எடுத்து வைக்கற அளவுக்குச் சார்ஜைக் கொண்டுவர்ற ஸ்டோரேஜ் மோடும் இல்ல. வைவா முடிஞ்சதும் முழு சார்ஜோட ஹாஸ்டல் பரண்ல போடறான். மே மாசம் அது பூரி மாதிரி உப்பிக் கிடக்கு. செல்லுக்கு 3.8 வோல்ட், மொத்தம் 11.4ல வைக்கணும்னு ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் போட என்ன கேடு? செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கினா கத்தற சின்ன அலாரம் நூறு நூத்தம்பது ரூபாதான், அதைக்கூடப் பெட்டியில போட மனசு வரல.

அந்த சிடி6பி ரிமோட்ல ஸ்க்ரீனே கிடையாது. ஒரு சேனலோட (ஒரு குச்சியோட) திசையைத் திருப்பணும்னாலும் கேபிள் மாட்டி லேப்டாப் தொறக்கணும். எஃப்எஸ் ஐ6 ரிமோட் கொடுத்தா அதுலயே செட் பண்ணலாம், சிக்னல் போனா என்ன பண்ணணும்னு ஃபெயில்சேஃபும் வைக்கலாம். லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

920 கேவி மோட்டார், தானே இறுகற 9450 இறக்கை, ஆர்டுபைலட் (ஆர்டுகாப்டரோட குடும்ப மென்பொருள்) இன்னும் ஓடற எஃப்405 போர்டு, ஒரு ஜிபிஎஸ். இதைச் சேர்த்துக் கொடுத்தா பையன் நிஜமாவே எதையாவது கத்துக்குவான். அதுவும் 1 லிட்டர் தூக்காது. அதைச் சொல்ல வாய் வரலைன்னா, டேங்க்கையாவது விக்காம இருங்க.