ஓட்டிப் பார்த்த முதலாளியும் ஸ்லைடு ஓட்டிய ஆலோசகரும்

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்காக: அங்கே ஆலோசகர் ஒருவர் ஸ்லைடு ஓட்டிப் பேசினார்.

"முதலாளி பட்டறைக்குள் நிற்கக் கூடாது, பிராண்டைத்தான் வளர்க்க வேண்டும்" என்று பேச வந்தவர், அதற்கு டான் அரனோவையா உதாரணம் காட்டுவார்? அமெரிக்காவின் மயாமியில் 'சிகரெட்' என்ற ரேஸ் படகுக் கம்பெனியைத் தொடங்கியவர். அதற்கு முன்பே ஃபார்முலா, டான்சி, மேக்னம் என்று மூன்று படகுக் கம்பெனிகளைத் தொடங்கி விற்றவர். இதெல்லாம் ஸ்லைடில் இருந்தது. அந்த மனிதர் தானே கடலில் படகு ஓட்டி 1967இலும் 1969இலும் உலக சாம்பியன் ஆனார் என்பது மட்டும் இல்லை. ஓட்டினார் ஐயா! அலையில் எழும்பி விழும்போது படகு எங்கே அடிவாங்குகிறது என்று அவர் இடுப்புக்கே தெரிந்திருக்கும்.

எழுந்து இதைச் சொன்னேன். "வைகையிலயே தண்ணி இல்ல, உங்களுக்கு எதுக்கு சார் ஸ்பீடு போட்?" என்றார் ஆலோசகர். எல்லோரும் சிரித்தார்கள். நம்ம ஆட்களும்தான்.

மதுரை கப்பலூர் பட்டறையில் நாங்கள் செய்வது தொட்டியும் வேன் கூரையும். ஆனால் அந்தப் படகின் உடம்பும் ஃபைபர்தானே? கண்ணாடி இழைப் பாயை விரித்து, பசை மாதிரி இறுகும் ரெசின் தடவி, ரோலர் போட்டுக் காற்றுக் குமிழியை விரட்ட வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் மேல்பூச்சான ஜெல்கோட் பளபளக்கும், பின்னால் அங்கேதான் பிளக்கும். அப்பா விரல் முட்டியால் தட்டியே கண்டுபிடிப்பார். ராத்திரி கை அரிக்கும், தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பார். பிராண்டு வளர்க்க அவருக்கு நேரமில்லை, பாவம்.

"படகை வரைந்தது அரனோ இல்லையே" என்பீர்கள். ஆமாம், ஃபார்முலா 233 படகை வரைந்தது ஜிம் வின்னும் வால்ட் வால்டர்ஸும். நான் எப்போது இல்லை என்றேன்? ஓட்டினார் என்றுதான் சொல்கிறேன். "கடத்தல்காரர்களும் அவர் படகைத்தானே வாங்கினார்கள், அவரை 1987இல் சுட்டுக் கொன்றார்களே" என்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. கடத்தலைப் பிடிக்கும் அமெரிக்கச் சுங்கத் துறைக்கு 'ப்ளூ தண்டர்' படகு செய்து கொடுத்ததும் அவர்தான். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, இன்றைய பேச்சும் அது இல்லை.

"கம்பெனி பெரிதானால் முதலாளி எல்லாவற்றையும் தொட முடியுமா?" தொட வேண்டாம். ஒரு தடவை ஏறி உட்காரலாமே! பொன்னாடையும் கவரும் வாங்கிக்கொண்டு போனவர் எந்த அச்சைத் தொட்டார்?

அப்புறம் சங்க நிர்வாகி ஒருவர் வாட்ஸ்அப்பில், "பட்டறை ஆள் மாதிரி கத்தாதீங்க அண்ணே" என்கிறார். வேறு யார் மாதிரி கத்த வேண்டும் தம்பி? சந்தா வசூலுக்கு வரும்போது ஆபீஸ் வாசலில் நிற்காமல் உள்ளே வாருங்கள். ரோலர் போட்டுக்கொண்டிருப்பேன், கை ஒழிந்ததும் தருகிறேன்.