மக்கிப் போற சோறுதானே, எங்க போட்டா என்ன?

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று இங்கே பலருக்கும் தெரியும். சமையலறைக் கழிவை மக்கவைக்கிற உரத் தொட்டிகளை எடுத்துவிடப் போகிறார்கள். மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த தொட்டிகள். இனி எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி லாரியில் ஏற்றிவிடலாம், நாற்றமில்லாமல் நிம்மதியாக இருக்கலாம் என்று கைதட்டி முடித்துவிட்டார்கள். அங்கே ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது கூட்டம் இல்லை. அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிய வரி. "மக்கிப் போற சோறுதானே, எங்க போட்டா என்ன?" அதற்குக் கீழே இருபத்திரண்டு கட்டைவிரல்கள்.

எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தொட்டியில் காற்றுபட மக்கும் சோறு வேறு. குப்பைமேட்டில் பத்து ஆள் உயரத்துக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடக்கும் சோறு வேறு. காற்று கிடைத்தால் அது பெரும்பாலும் கரியமில வாயுவாகப் போகும். நெற்பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. மிச்சம் உரமாக நம் கைக்கு வருகிறது. காற்றே இல்லாத இடத்தில் வேலை செய்கிற நுண்ணுயிரிகள் வேறு, அவை விடுவது மீத்தேன். இருபது வருடக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற வாயு அது. அதே சோறுதான். போட்ட இடம்தான் வேறு.

நம் குப்பை போகிற பெருங்குடிக் கிடங்கு எங்கே இருக்கிறது? சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில். 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததே, அதே சதுப்புநிலம். ஈரக்குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் அங்கேதான் இறங்குகிறது. அதே 2022 ஏப்ரல் கடைசியில் கிடங்கு பற்றி எரிந்தபோது, ஈரத்துண்டை ஜன்னல் இடுக்கில் திணித்து வைத்துவிட்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். மேட்டுக்குள் சேர்கிற மீத்தேனும் இந்த மாதிரித் தீ அணையாமல் புகைய ஒரு காரணம். "மூச்சு விட முடியல, குழந்தைக்கு இருமல் நிக்கல" என்று இதே குழுவில்தான் எழுதினோம். அன்றைக்கு யாரும் எங்கே போட்டால் என்ன என்று கேட்கவில்லை.

சரி, நாற்றத்துக்கு வருகிறேன். தொட்டி நாறியது உண்மை. ஏன் நாறியது என்பதை மட்டும் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. முந்தின வாரம் கீழே ஹாலில் நடந்த விசேஷத்தில் மிஞ்சிய இரண்டு அண்டா சாம்பார் சாதத்தையும் பாயசத்தையும், பிளாஸ்டிக் டம்ளரோடு, எச்சில் இலையோடு, ராத்திரி பதினோரு மணிக்கு அப்படியே தொட்டிக்குள் கொட்டியிருக்கிறார்கள். ஒரு கை சருகு இல்லை, தேங்காய் நார்த்தூள் இல்லை. சோறு தண்ணியாகி, காற்றுப் போகாமல் அழுகிவிட்டது. அதனால்தான் நாற்றம். ஒழுங்காகக் கிளறிவிட்டு, ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்தது போட்டால் மழை பெய்த மண் வாசனைதான் வரும். மூன்று வருடம் அப்படித்தானே இருந்தது? நம் வீட்டு ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அந்த உரத்தைத்தானே வாங்கிப் போனீர்கள்?

"உரத்திலும் மீத்தேன் வரும்" என்று ஒரு தம்பி கட்டுரை அனுப்பியிருக்கிறார். வரும் தம்பி, கிளறாமல் விட்டால் கொஞ்சம் வரும். அதற்காகக் குப்பைமேடு நல்லது என்று ஆகிவிடாது. "எரித்து மின்சாரம் எடுக்கலாமே" என்கிறார் இன்னொருவர். சோற்றிலும் காய்கறியிலும் முக்கால் பங்கு தண்ணீர். ஈர விறகை அடுப்பில் வைத்தவர்களுக்குத் தெரியும். வடசென்னையில் கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து 2025-இல் அந்தப் பகுதி மக்கள் தெருவில் நின்றார்கள். நம் எச்சில் சோற்றின் புகையை அவர்கள் ஏன் சுவாசிக்க வேண்டும்?

"எங்கள் ஒரு கட்டடத்தால் என்ன ஆகிவிடும்?" ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளிலிருந்து. ஹோட்டல்களிலிருந்து இல்லை, வீடுகளிலிருந்து. இந்தியாவில் ஆளுக்கு வருடம் 55 கிலோ, தோல் கொட்டை எல்லாம் சேர்த்து. நம் 48 வீட்டுக்கு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால், பத்து டன்னுக்கு மேல். தென்கொரியாவில் 2005-லேயே உணவுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை போட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன்? இந்தூரில் 2022 முதல் ஈரக்கழிவிலிருந்து வாயு எடுக்கும் ஆலை இருக்கிறது, நாளைக்கு 550 டன் வாங்கக்கூடியது. மீத்தேனைக் காற்றில் விடாமல் பிடித்து எரிபொருளாக்குகிறார்கள். ஆனால் வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால்தான் அதெல்லாம் நடக்கும். பிரித்துக் கொடு என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. மாநகராட்சி வேலை மாநகராட்சி பார்க்கட்டும் என்பவர்களுக்கு இதுதான் பதில்.

மன்னார்குடி பக்கம் எங்கள் அம்மாச்சி வீட்டில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. அதற்கும் மேல் மிஞ்சினால், அரிசி கழுவிய தண்ணீர், வாழைக்காய்த் தோல், வடிகஞ்சி எல்லாம் கொல்லைப்பக்கத்துக் கழனிப் பானைக்குள். சாயங்காலம் பால்காரம்மா வாளியோடு வந்து, கையை விட்டு ஒரு தடவை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார். ஊக்கு, முள் எதுவும் கிடக்கக் கூடாது. மாட்டு வாய்க்குப் போகிறதல்லவா? மாடு கன்று போட்டால் முதல் சீம்பால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாச்சிக்கு மீத்தேன் தெரியாது. எது எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உரம் போட்டுவிட்டால் வீணாக்கிய பாவம் தீர்ந்துவிடாது. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 2500 லிட்டர் தண்ணீர் என்கிறார்கள். தண்ணீர் தேங்கிய வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறது. உரத்தொட்டி அதையெல்லாம் திருப்பித் தராது. அந்த இரண்டு அண்டாவை ராத்திரி எட்டு மணிக்கே யாருக்காவது கொடுத்திருக்கலாம். தெருமுனையில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் முப்பது பேர் தங்கியிருக்கிறார்கள். விசேஷம் வைத்தவர்களிடம் நான் கேட்டேன். "நாளைக்கு யாருக்காவது வயித்த வலிச்சா யார் பதில் சொல்றது?" என்றார்கள். சூடாக இருக்கும்போதே கொடுத்தால் ஏன் வலிக்கப் போகிறது? நாம் எல்லாரும் அதைத்தானே சாப்பிட்டோம்?

என்னைக் "குப்பை மேடம்" என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை காலை, நம் கட்டடத்துக்கு வருகிற தூய்மைப் பணியாளர் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். என்ன ஆச்சு என்றேன். "மூட்டைல சோறுதான்னு நெனச்சு கைய வுட்டேங்கா, உள்ள கிளாஸ் ஒடஞ்சு கெடந்துச்சு" என்றார். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே பிளந்திருந்தது. தையல் போட்டால் லீவு எடுக்க வேண்டும் என்று மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார். பால்காரம்மா மாட்டுக்காகத் துழாவிய மாதிரி, இவர் நமக்காகத் துழாவியிருக்கிறார். நாம் ஒரே பையில் கட்டியதைப் பிரிப்பதற்காக. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாலு தையல்.

எங்க போட்டா என்ன என்று எழுதியவரே, அந்தக் கையை ஒரு தடவை வந்து பாருங்கள்.

தொட்டிகளை வெள்ளிக்கிழமை எடுக்கிறார்கள். இரண்டை மட்டும் என் செலவில் மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். நார்த்தூள் ஒரு மூட்டை வந்துவிட்டது. காலை ஏழிலிருந்து எட்டு வரை அங்கேதான் இருப்பேன். பிரித்து எடுத்து வாருங்கள், நானே போட்டுக் கிளறிக்கொள்கிறேன்.