விமர்சித்தவருக்கு லினக்ஸ் தெரியாதாம்

லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டுப் பார்த்த ஒரு பெண் பத்திரிகையாளர் எழுதிய அந்த விமர்சனம் எது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையைப் படிக்காதவர்கள்கூட அதற்கு நம் லினக்ஸ் ஆட்கள் கொடுத்த பதில்களைப் படித்திருப்பீர்கள். 'மைக்ரோசாஃப்ட் கைக்கூலி', 'டெர்மினலைப் பார்த்தாலே பயம், இவருக்கு எதற்கு லினக்ஸ்' (டெர்மினல் என்றால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை), எல்லாவற்றுக்கும் மேலாக 'அந்தம்மா சமையல் குறிப்பு எழுதப் போகட்டும்'. கடைசியாகச் சொன்னதற்கு அத்தனை சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள்.

அவர் என்ன எழுதினார்? லினக்ஸ் போட்டார், வைஃபை வரவில்லை. தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க அரை நாள் ஓடிவிட்டது. விண்டோஸுக்கே திரும்பிவிட்டார். இதில் எது பொய்? வைஃபை வரவில்லை என்பது அவருடைய கருத்தோ கொள்கையோ கிடையாது. அவர் கணினியில் நடந்தது. நடந்ததைச் சொன்னவரிடம் போய் 'அது உன் தப்பு' என்று சண்டை போடுகிறோம்.

'அந்த வைஃபை சிப் தயாரிப்பாளர்தான் லினக்ஸுக்கு டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) தருவதில்லை, நாம் என்ன செய்வது?' சரி, உண்மைதான். ஆனால் கணினி வாங்கியவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா? அவருக்கு வைஃபை வர வேண்டும், அவ்வளவுதான்.

2021 நவம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலின் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் நிறுவப் போனார். முதலில் ஆப் ஸ்டோரில் முயன்றார், முடியவில்லை. டெர்மினலுக்குப் போனார். ஆபத்தான காரியம் என்று எச்சரித்துவிட்டு, தொடர வேண்டுமானால் 'எஸ், டூ ஆஸ் ஐ சே' (ஆம், நான் சொல்கிறபடி செய்) என்று தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். டெஸ்க்டாப் மொத்தமும் நீங்கிப்போய் வெறும் கருப்புத் திரை வந்தது. ஒரு கேம் ஓட்டும் செயலி போடப் போனவருக்கு!

உடனே உலகம் முழுக்க நம் ஆட்கள் கிளம்பினார்கள். எச்சரிக்கையைப் படிக்கவில்லை, வேண்டுமென்றே செய்தார், வியூஸுக்காகச் செய்தார். ஆனால் மென்பொருளை எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள்? பாப் ஓஎஸ்ஸை உருவாக்கும் சிஸ்டம்76 நிறுவனம், மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் தன் ஏபிடி கருவியைத் திருத்தியது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் ஏபிடியிலும் முக்கியமான தொகுப்புகளை இப்படி நீக்கிவிடாதபடி மாற்றம் வந்தது. லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஒன்றான கேடிஈயில் நேட் கிரஹாம் 2022 ஜனவரியில் '15 நிமிட பக்' முயற்சியை அறிவித்தார்: புதிதாக வருகிறவர் முதல் பதினைந்து நிமிடத்திலேயே முட்டிக்கொள்ளும் குறைகளைத் தேடிப்பிடித்து ஒழிப்பது. கோடு எழுதுகிறவர்கள் திருத்திக்கொண்டிருந்தார்கள், ஒரு வரிகூட எழுதாதவர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வாரமும் அதே கதைதான், நீங்களே பாருங்கள்.

'காசு வாங்கிக்கொண்டு எழுதினால் என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, உண்மையில் நடந்தும் இருக்கிறது. 1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் விண்டோஸ் என்டியையும் லினக்ஸையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. செலவு மைக்ரோசாஃப்டினுடையது. நான்கு பிராசஸர், நான்கு நெட்வொர்க் கார்டு வைத்த சர்வரில் கோப்புப் பகிர்வில் இரண்டரை மடங்கு, வலைச் சேவையில் 3.7 மடங்கு என்டி வேகம் என்றது. லினக்ஸை ஒழுங்காக டியூன் செய்யவில்லை என்று நம்மவர்கள் கொதித்தார்கள், அதிலும் நியாயம் இருந்தது. ஜூனில் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆட்களை அருகில் வைத்துக்கொண்டு மறுபடி சோதித்தார்கள். இடைவெளி குறைந்தது, ஆனாலும் என்டிதான் ஜெயித்தது. காரணம், பல பிராசஸர்கள் இருந்தாலும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் நெட்வொர்க் பகுதியால் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் அது சரியானது. ஆக, எதிரி காசு கொடுத்து எழுதவைத்த அறிக்கையிலேயே நமக்கு வேலைக்கு ஆகும் விஷயம் இருந்தது. இந்தப் பெண்மணிக்கு யார் காசு கொடுத்தது? ஆதாரம் இருந்தால் போடுங்கள். ஸ்மைலி போடாதீர்கள்.

அந்தக் காலத்திலேயே லினக்ஸைப் பரப்புகிறவர்களுக்கு வழிகாட்டியாக லினக்ஸ் அட்வொகேசி ஹவ்-டூ என்றொரு ஆவணம் இருந்தது. யாரையும் பட்டப்பெயர் வைத்துத் திட்டாதே, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸைத் தலைவராகக் கொண்ட ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள் என்று அதில் இருக்கும். (அந்தத் தலைவரே 2018இல் தன் கடுமையான மெயில்களுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது தனிக்கதை.) அதே டோர்வால்ட்ஸ் கேடிஈ 4 பிடிக்காமல் இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோமுக்குப் போனார், 2011இல் க்னோம் 3ஐயும் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஈ என்ற வேறொன்றுக்குப் போனார். 'முதலில் லினக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள்' என்று அவரிடமும் சொல்வீர்களா?

என் பெரியம்மா மகன், அண்ணன், ஊரில் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நான்தான் நச்சரித்து அவர் கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அப்போதிருந்த பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழ் உடைந்து வரும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் அப்படியொரு பத்திரிகையை யாரிடம் காட்டுவது? எங்கள் லினக்ஸ் குழுவின் சந்திப்புக்கு நேரில் வந்து பணிவாகத்தான் கேட்டார். ஒரு தம்பி எழுந்து, 'முதலில் பைரேட்டட் பேஜ்மேக்கரை விட்டுட்டு வாங்கண்ணே' என்றான் (பேஜ்மேக்கர் விண்டோஸில் ஓடும் பக்க வடிவமைப்பு மென்பொருள்). எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் வரவே இல்லை. அந்தக் கோளாறு உண்மையான கோளாறு, பல வருடம் கழித்துத் திருத்தவும் பட்டது. அதை யாரும் அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை.

'இலவசமாகத் தருகிறோம், குறை சொல்ல என்ன உரிமை?' இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் இலவசமாகத்தான் தந்தேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மெனுக்களைத் தமிழாக்கியிருக்கிறேன். யாருக்கும் புரியாத தமிழில் மெனு வைத்தால் ஆங்கிலத்துக்கே போய்விடுவார்கள் என்று ஒரு தடவை சொன்னதற்கு, 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கேட்டார்கள். பக்கமா? உள்ளே இருப்பவன் சொன்னால் துரோகி, வெளியே இருப்பவர் சொன்னால் கைக்கூலி. வேறு யார்தான் சொல்வது?

'நேராக பக் ரிப்போர்ட் போட்டிருக்கலாமே, பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்?' போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கணக்குத் திற, வெர்ஷன் சொல், லாக் இணை. ஆறு மாதம் கழித்து, 'பழைய வெர்ஷன், மூடுகிறோம்'. அவர் பத்திரிகையாளர், அவருடைய வேலை வாசகருக்கு எழுதுவது. உங்களுக்கு டெஸ்டிங் செய்து தருவது இல்லை.

அவர் சொன்ன விசைப்பலகைக் கோளாறை நேற்று ராத்திரி என் கணினியிலும் செய்து பார்த்தேன். அப்படியே வருகிறது. பக் பதிவு செய்துவிட்டேன், சுட்டி முதல் கமெண்டில் இருக்கிறது. உங்களுக்கும் வந்தால் அங்கே போய் வெர்ஷன் எண்ணோடு ஒரு வரி எழுதுங்கள். இங்கே வந்து எனக்கு டெர்மினல் பாடம் எடுக்கிறவர்களை பிளாக் செய்வேன். 'சமையல் குறிப்பு' கமெண்டுக்குச் சிரித்தவர்கள் அந்தச் சிரிப்பை இப்போதாவது எடுத்துவிடுங்கள், பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிகிறது.