பாட்டில் தப்பில்லை, லீடில்தான் தப்பு

போலீஸ் கதையைப் பாட்டோடு சொன்ன 'காப் ராக்' தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கருத்துகள் முந்திக்கொண்டு வரும். "கொலை, போதை, கோர்ட்டுன்னு போயிட்டிருக்கும்போது போலீஸ்காரர் திடீர்னு பாடினா யார் நம்புவாங்க?" என்பது ஒன்று. "அது காலத்தை மீறிய முயற்சி, அன்னைக்கு ஜனங்களுக்குப் புரியல" என்பது இன்னொன்று. இரண்டையுமே நான் ஏற்கவில்லை. பாட்டு பாட்டாகப் பிரித்துப் பார்த்தால் எது எடுபட்டது, எது சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று கையை வைத்துக் காட்ட முடியும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1990 செப்டம்பர் 26 அன்று தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று முடிந்துபோன தொடர். மொத்தமே 11 எபிசோடுகள். களம் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ். உருவாக்கியவர்கள் ஸ்டீவன் போச்கோவும் வில்லியம் ஃபிங்கெல்ஸ்டீனும். போச்கோ லேசுப்பட்ட ஆள் இல்லை. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்', 'எல்.ஏ. லா' என்று அமெரிக்கப் போலீஸ் கதை, கோர்ட் கதை இரண்டின் முகத்தையும் மாற்றியவர். அந்தப் பெயரை நம்பித்தான் ஏபிசி அவரோடு பத்துத் தொடர்களுக்கு ஒப்பந்தம் போட்டது. இது அந்தப் பத்தில் ஒன்று. 2002இல் டிவி கைடு இதழ் மிக மோசமான 50 தொடர்களைப் பட்டியல் போட்டபோது இதற்கு 8ஆம் இடம் கொடுத்தது. அதே தொடரின் ஒரு பாட்டுக்கு 1991இல் எம்மி விருதும் கிடைத்தது. முதல் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்கிறவர்கள்தான் அதிகம்.

விருது வாங்கிய பாட்டு முதல் எபிசோடிலேயே வருகிறது. எழுதி மெட்டமைத்தவர் ராண்டி நியூமன். நீதிமன்றக் காட்சி. முடிவுக்கு வந்துவிட்டீர்களா என்று ஜூரிகளைக் கேட்கிறார் நீதிபதி. வந்துவிட்டோம் என்று பதில். அவ்வளவுதான், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் கேட்கிற காஸ்பல் பாணியில், ஜூரி வரிசை முழுக்க 'இவன் குற்றவாளி' என்று கோரஸாகப் பாடுகிறது. இதைக் கேலி செய்யாத விமர்சகர் குறைவு. ஆனால் லீட், அதாவது பேச்சிலிருந்து பாட்டுக்குள் நுழைகிற வழி, எவ்வளவு சுத்தம் என்று பாருங்கள். ஜூரி என்பதே ஒரு கோரஸ்தானே? 12 பேர், வரிசையாக இருக்கை, ஒரே முடிவு, எல்லாருக்காகவும் ஒருவர் வாய் திறப்பது. ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்கிற சடங்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. காஸ்பல் பாட்டின் உயிரும் அந்தக் கேள்வி பதில்தான். அதனால் பேச்சு பாட்டாக மாறுகிற இடத்தில் தையல் தெரியவில்லை. பாட்டு முடியும்போது தீர்ப்பு வந்துவிட்டது, கதை ஓர் அடி முன்னால் நிற்கிறது. ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிற செய்தியைப் பாட்டு இழுக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்புவதில் ஒரு கூட்டத்துக்கு வருகிற குதூகலம் இருக்கிறதே, அதை எந்த வசனமும் காட்டியிருக்காது.

அதே எபிசோடின் முடிவு இதைவிட ஒரு படி மேல். போதைக்கு அடிமையான ஓர் இளம் தாய் தன் கைக்குழந்தையை விற்கப் போகிறாள். நடித்தவர் கேத்லீன் வில்ஹோய்ட். கைமாற்றுவதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். இங்கே லீட் என்று தனியாக ஒன்றும் தேவையில்லை. குழந்தையைக் கையில் வைத்திருக்கிற தாய் பாடுவதற்கு எந்த ஊரிலும் காரணம் கேட்க மாட்டார்கள். மெட்டு இனிமையானது, செயல் கொடுமையானது, இரண்டும் ஒரே ஷாட்டில். இந்தப் பாட்டு தொடரோடு சாகவும் இல்லை. நியூமன் 1995இல் தன் 'ஃபாஸ்ட்' ஆல்பத்தில் இதை மறுபடி எடுத்துக்கொண்டார், அங்கே பாடியவர் லிண்டா ரான்ஸ்டாட். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ரான்ஸ்டாட் குரலில் அழகு கூடுதல். தொண்டையை அடைக்க வைப்பது வில்ஹோய்ட்தான்.

லீட் என்று நான் சொல்வது நம் சினிமாக்காரர்கள் தினமும் புழங்குகிற சொல். பாட்டுக்கு முந்தைய 20, 30 வினாடி. யார் முகத்தில் காட்சி நிற்கிறது, பேச்சு எந்தச் சொல்லில் அறுபடுகிறது, தாளம் எந்தச் சத்தத்திலிருந்து பிறக்கிறது என்பதெல்லாம் அதில் அடக்கம். பாட்டு நமக்குச் சாப்பாட்டில் உப்பு மாதிரி. கொலைகாரன் யார் என்று தேடுகிற 'அந்த நாள்' 1954இல் வந்தபோது, அதில் பாட்டே இல்லை என்பதுதான் அதிசயம். அப்படிப் பழகிய நாமே 'காப் ராக்'கின் பல பாட்டுகளில் நெளிகிறோம் என்றால், "அமெரிக்காக்காரனுக்குப் பாட்டு பழக்கமில்லை" என்கிற விளக்கம் போதாது.

சறுக்கல் பெரும்பாலும் முதல் நாலைந்து வினாடியில் நடக்கிறது. காரணம் காதில் இருக்கிறது. இந்தத் தொடரில் நடிகர்களின் குரலைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதிந்தார்கள். நம் வழக்கம் வேறு. பாட்டை முன்னமே ஸ்டுடியோவில் முடித்து, செட்டில் (முன்பு நாகரா என்கிற டேப் கருவியில்) ஓடவிட்டு, வாயசைப்பது. நேரடிப் பதிவில் இசை மட்டும்தான் முன்கூட்டியே தயாராக இருக்கும். அதை ஸ்பீக்கரில் விட்டால் குரல் மைக்கில் இசையும் சேர்ந்து ஏறிவிடும், பிறகு பிரித்தெடுக்கப் படாத பாடு பட வேண்டும். அதனால் நடிகரின் காதுக்குள் ஒரு சின்ன இயர்பீஸ் வைத்து இசையைக் கொடுப்பார்கள். குரலை நீளக் கம்பில் தொங்கும் பூம் மைக்கோ சட்டைக்குள் செருகிய சின்ன மைக்கோ பிடிக்கும். இதில் கிடைக்கிற லாபம் பெரியது. மூச்சு, தழுதழுப்பு, பல்லைக் கடிப்பது எல்லாம் நடிப்போடு சேர்ந்தே வரும். பேசுகிற குரலும் பாடுகிற குரலும் ஒரே அறைக்குள் இருக்கும். கேமரா தள்ளிப் போனால் மைக்கும் தள்ளிப் போய்க் குரல் மெலியும் என்பது இதன் தொல்லை. இரண்டு டேக்குகளை ஒட்டினால் குரலின் பலம் ஒட்டுகிற இடத்தில் எகிறும். ஆடுகிறவர்களின் பூட்ஸ் சத்தம் உள்ளே வரும், ஆடிக்கொண்டே பாடுகிறவருக்கு மூன்றாவது வரியிலேயே இரைக்கும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது இசையின் சத்தம். குரல் போலீஸ் ஸ்டேஷன் அறைக்குள் இருக்கிறது. சிந்தசைசரும் எதிரொலி பூசிய டிரம்ஸும், அந்தக் காலத்துப் பாப் ஆல்பங்களின் பளபளப்போடு, எங்கோ ஒரு ஸ்டுடியோவில் இருக்கின்றன. கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது. "நம்ப முடியல" என்று பார்வையாளர்கள் சொன்னதில் பாதி இந்தச் சத்தப் பிளவுதான் என்பேன். வாத்தியம் குறைவாக இருக்கிற பாட்டுகள் இன்றும் தாங்குவதற்கும், முழு பேண்டு இறங்குகிற பாட்டுகள் சட்டென்று பழசாகிப் போனதற்கும் இதுதான் காரணம்.

அடுத்தது கணக்கு. எபிசோடுக்குச் சுமார் ஐந்து பாட்டு. ஒரு மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 48 நிமிடம். பாட்டுக்கு இரண்டரை நிமிடம் வைத்தாலும் 12 நிமிடத்துக்கு மேல் காலி. மீதியில் போச்கோ பாணிப்படி ஐந்தாறு கதைகள் ஓட வேண்டும். இவற்றில் மிகக் கனமானது லாருஸோவின் கதை. சக போலீஸைக் கொன்றவன் என்று பிடிபட்டவனை, கையில் விலங்கு மாட்டியிருக்கும்போதே சுட்டுக் கொல்கிற போலீஸ்காரர். மற்ற போலீஸ்காரர்கள் மறைக்கப் பார்க்கிறார்கள், மேலதிகாரி விடாமல் துரத்துகிறார். இன்றைக்கும் சூடு ஆறாத கதை. ஆனால் ஒரு எபிசோடில் அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அதற்குள்ளேயும் ஒரு பாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நியூமன் எழுதியது தலைப்புப் பாட்டும் முதல் எபிசோடின் ஐந்து பாட்டுகளும் மட்டுமே. அடுத்த பத்து எபிசோடுகளுக்குப் பாட்டு எழுதியவர்கள் வேறு ஆட்கள். வாரம் ஐந்து பாட்டு என்றால் வரி, மெட்டு, இசைப்பதிவு, ஒத்திகை, நடனம் எல்லாம் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிய வேண்டும். மேடை இசை நாடகம் ஒன்றுக்கு 15, 20 பாட்டை வருடக்கணக்கில் செதுக்குவார்கள். வேறு ஊரில் போட்டுப் பார்த்து, கூட்டம் கொட்டாவி விட்ட பாட்டைத் தூக்கிவிடுவார்கள். தொலைக்காட்சியில் தூக்குவதற்கு நேரம் ஏது? மூன்றாவது, நான்காவது எபிசோடுக்குள்ளேயே, பாத்திரம் இப்போதுதான் வசனத்தில் சொன்னதை அப்படியே திரும்பப் பாடுகிற பாட்டுகள் வந்துவிடுகின்றன. குற்றக் கதையில் அது விஷம். சஸ்பென்ஸ் மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"காலத்தை மீறியது" என்பவர்கள் 1986க்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிபிசியின் 'த சிங்கிங் டிடெக்டிவ்', ஆறே எபிசோடுகள், எழுதியவர் டென்னிஸ் பாட்டர், இயக்கியவர் ஜான் ஏமியல். மார்லோ என்கிற துப்பறியும் கதை எழுத்தாளர், சோரியாசிஸ் என்கிற தோல் நோய் மூட்டுகளையும் தின்ற நிலையில், பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். பாட்டருக்கே இருந்த நோய் அது. கட்டிலில் கிடந்தபடி தலைக்குள்ளேயே ஒரு கொலைக் கதையை ஓட்டுகிறார். அந்தக் கதையில் ஆற்றிலிருந்து ஒரு பெண்ணின் பிணத்தைத் தூக்குகிறார்கள். பாட்டுகள் எல்லாம் பழைய இசைத்தட்டுகள், நடிகர்கள் வாயசைக்கிறார்கள், அதுவும் வாயசைப்பு என்று அப்பட்டமாகத் தெரியும்படி. 1978இல் 'பென்னீஸ் ஃப்ரம் ஹெவன்' தொடரில் பாட்டர் இதைத் தொடங்கிவிட்டார். அங்கே பாப் ஹாஸ்கின்ஸ் வாயசைக்க, வருவது ஒரு பெண்ணின் குரல். அந்தக் குரல் யாருடையது என்று குழம்ப வேண்டிய அவசியமே இல்லை, அது அவன் மனசுக்குள் ஓடுகிற தட்டு.

'த சிங்கிங் டிடெக்டிவ்' முதல் எபிசோடில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருகிற காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. பெரிய டாக்டர், பின்னால் ஒரு கூட்டம், கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு நோயாளி அங்கே இல்லாத மாதிரியே பேசுகிறார்கள். மார்லோ ஏதோ சொல்ல முயன்று உடைந்து அழுகிறார். அந்த அழுகை தாங்க முடியாமல் போகிற நொடியில், டாக்டர்களும் நர்சுகளும் எலும்போடு எலும்பு எப்படிச் சேர்கிறது என்று எண்ணிக்கொண்டே போகும் பாட்டுக்கு ஆட ஆரம்பிக்கிறார்கள். மூட்டு பூட்டிப்போன மனிதன் கட்டிலில், சுற்றிலும் மூட்டுகளைப் பற்றிய குத்தாட்டம். நோயாளிதான் அந்தப் பாட்டைக் கற்பனை செய்கிறார் என்பதால் 'ஏன் பாடுகிறார்கள்' என்ற கேள்வி எழவே இல்லை. மார்லோவாக நடித்த மைக்கேல் கேம்பனுக்கு இதற்காக பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

2004இல் பிபிசியின் 'பிளாக்பூல்' தொடர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. பழைய ஹிட் பாட்டு அசல் குரலோடு ஓட, நடிகர்கள் அதன் மேலேயே வாய்விட்டுப் பாடுவார்கள். ரேடியோவோடு சேர்ந்து பாடாத ஆள் யார்? கேளிக்கை இயந்திரங்கள் வைத்த ஆர்கேட் நடத்துகிற நாயகன் ரிப்ளி ஹோல்டன் தன்னை எல்விஸ் என்று நினைத்துக்கொள்ளும் ஆள், அவர் பாடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதையே அமெரிக்காவில் 'விவா லாஃப்லின்' என்று 2007இல் எடுத்தார்கள். ஹ்யூ ஜேக்மன் தயாரிப்பில் பங்கெடுத்து, தானே வந்து பாடியும் இரண்டே எபிசோடில் நிறுத்திவிட்டார்கள். அதே கதை, அதே உத்தி. பிளாக்பூல் என்கிற அந்தக் கடற்கரை ஊரின் தேய்ந்துபோன பகட்டும் நாயகனின் ஆற்றாமையும் அதில் வந்து சேரவில்லை.

யாராவது இங்கே இப்படி ஒன்று எடுக்க நினைத்தால் எபிசோடுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். திரைக்கதைப் பிரதியிலிருந்து பாட்டைத் தூக்கிவிட்டுப் படியுங்கள். கதையில் ஓட்டை விழவில்லை என்றால் அந்தப் பாட்டு வேண்டாதது. முதல் எட்டு வினாடிக்கு ஒரே வாத்தியம், அதுவும் காட்சி நடக்கிற அறையின் எதிரொலியோடு. விசாரணை அறைக்குள் விசாரிக்கிறவருக்குப் பாட்டு வேண்டாம், விசாரிக்கப்படுகிறவருக்குக் கொடுங்கள். மறைப்பதற்கு ஏதாவது இருக்கிறவன் பாடினால்தான் கேட்கிறவன் காதைத் தீட்டுவான்.

'காப் ராக்' 11 எபிசோடும் 2016இல் டிவிடியாக வந்துவிட்டது. முழுக்கப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் முதல் எபிசோடையும் கடைசி எபிசோடின் முடிவையும் பாருங்கள். அந்த முடிவில் நடிகர்கள் பாத்திரத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் பாட்டோடு விடைபெறுகிறார்கள். முதல் எபிசோடை ஹெட்போனில் கேளுங்கள். தாலாட்டு வரும்போது திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, வரிக்கு வரி அந்தப் பெண் மூச்சு எடுக்கிற இடத்தை மட்டும் கவனியுங்கள்.