மனச்சோர்வுக்கு இணையத்தில் விடை தேடுகிறவர்களுக்கு

மனச்சோர்வு, பதற்றம் பற்றித் தமிழில் தேடினால் கண்ணில் படுபவற்றில் பாதிக்கு மேல் யாரையாவது கெடுக்கக்கூடியவை. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "ஏழே நாளில் மன அழுத்தம் பறந்துவிடும்", "மாத்திரையே வேண்டாம், இந்த மூச்சுப் பயிற்சி போதும்" என்று தலைப்பு வைக்கிறார்கள். அதைத் திறந்து பார்ப்பவர் யார்? இரவு இரண்டு மணிக்கும் தூக்கம் பிடிக்காமல், பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியக்கூடாதென்று செல்பேசி வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பவர். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று இன்னும் கேலி பேசுகிற ஊரில் அவர் வேறு எங்கே போய்க் கேட்பார்?

என் நண்பர் ஒருவருக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. குமட்டல், வயிற்றைப் புரட்டல், முன்பைவிடப் படபடப்பு. அந்த நேரம் பார்த்து, வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் காணொளியில் "இந்த மாத்திரைகளைத் தொட்டால் ஆயுள் முழுக்க விட முடியாது" என்றார். நண்பர் அன்றோடு நிறுத்திவிட்டார். அடுத்த சில நாட்கள் தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல். "பார்த்தாயா, அடிமையாக்கிவிட்டது" என்று என்னிடமே சொன்னார்.

அவரிடம் யாரும் சொல்லாத விஷயம் மிக எளியது. மனச்சோர்வுக்குப் பரவலாக எழுதித் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளில் தொல்லை முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். குமட்டல் பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும்; மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை பிடிக்கும். மதுவைப் போல ஏக்கம் உண்டாக்கி அளவைக் கூட்டிக்கொண்டே போக வைக்கிற பொருள் அது இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடல் தடுமாறும், அதனால் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வது வழக்கம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் மருத்துவரின் அறையில் கிடைக்காததால்தான் அவர் காணொளியிடம் போனார்.

எதை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: தன் எல்லையைத் தானே சொல்கிறதா என்று பாருங்கள். நல்ல சுய உதவிக் கையேடு "இத்தனை வாரம் செய்து பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள், சாகத் தோன்றினால் இதை மூடிவைத்துவிட்டு இப்போதே போங்கள்" என்று சொல்லும். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் தீர்வு என்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாள் இதற்கு நல்ல உதாரணம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள்; மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. ஆனால் அது நோயைத் தீர்மானித்துவிடாது. தைராய்டு குறைபாடோ ரத்தசோகையோ இருந்தாலும் அதே சோர்வு, அதே தூக்கக் கேடு வரும், அதனால் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது, உடனே யாரிடமாவது பேச வேண்டும்.

பதற்றத் தாக்குதலில் சுய உதவிக்கு நிறைய இடமிருக்கிறது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும், இதோ உயிர் போகிறது என்றே தோன்றும். முதல் முறை வந்தால் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு வலியை வீட்டில் வைத்து ஊகிக்கக்கூடாது. பதற்றத் தாக்குதல் மட்டும்தான் என்றால் ஈசிஜி சரியாக இருக்கும். "ஒன்றுமில்லை, வாயுத்தொல்லைதான்" என்று அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் வந்து, பிறகு மெல்ல இறங்கிவிடும். இதை அறிந்தாலே பயம் பாதி குறையும்.

அடுத்தது, பயந்த இடங்களைத் தவிர்க்காமல் இருப்பது. தாக்குதல் பஸ்ஸில் வந்தது என்று பஸ்ஸை விடுவார்கள், பிறகு கடைத்தெருவை, பிறகு கல்யாண வீட்டை, கடைசியில் வாசற்படியை. திரும்பும் வழியும் அப்படியே படிப்படியாகத்தான்: துணையோடு ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு, பிறகு தனியாக. படபடப்பு வந்தாலும் அது தணியும் வரை இறங்காமல் இருப்பதுதான் இதில் முக்கியம். லேசான மனச்சோர்விலும் மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல், சின்ன வேலை ஒன்றை நேரம் குறித்துச் செய்ய வேண்டும். மனம் பின்னால் வந்து சேரும்.

சொல்பவர் யார் என்றும் கேளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர், மாத்திரை எழுத முடியும். பேச்சு வழியாகச் சிகிச்சை தரும் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 'கவுன்சலர்' என்ற பலகையை நடைமுறையில் யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள்.

பணமில்லை என்பவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது; மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் 14416. நாள் முழுவதும் தமிழில் பேசலாம். சாகத் தோன்றுகிறவர்களுக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்குகிறது ஸ்நேகா, 044-24640050. இத்தனை இருந்தும், பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, பரவலாகக் காணப்படும் மனநலப் பாதிப்பு உள்ள நூறு பேரில் 85 பேர் சிகிச்சை பெறவில்லை என்றது. அந்த ஆய்வில் தமிழ்நாடும் உண்டு.

நம் மனநல மருத்துவர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் ஒரு கோரிக்கை. மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுக்கும்போது, அதோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். எப்போது வேலை செய்யும், முதல் வாரம் என்னென்ன தொல்லை வரும், எந்தத் தொல்லைக்கு உடனே திரும்பி வர வேண்டும், ஏன் தானாக நிறுத்தக்கூடாது, எந்த எண்ணுக்கு அழைக்கலாம். கிராமத்து அம்மா வாசித்துப் புரிந்துகொள்கிற தமிழில், பெரிய எழுத்தில்.