பெக்கோக்காரரிட்ட ரேட் கேக்க முதல் மண் எங்க போகுதெண்டு கேளுங்கோ

தெகிவளையில எங்கட வீட்டுக்குப் பின்னால சம்ப், அதுதான் நிலத்தடித் தண்ணித் தொட்டி, வெட்டின கதையை எழுதச் சொல்லி ரெண்டு மூண்டு பேர் கேட்டுக்கொண்டே இருக்கினம், அதில ஒராள் கிருலப்பனையில காணி வாங்கி அத்திவாரம் போடப் போறா, அவவுக்காகவாவது எழுதிப் போடுவம். நீளமாத்தான் வரும், தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

எங்கட காணி ஆறரைப் பேர்ச்சஸ். மேல ஒரு மாடி போடுறம், அதோட தண்ணி வெட்டுற நாளில வாளி தூக்கித் திரியாம இருக்க நிலத்துக்குக் கீழ ஒரு சம்ப். கிடங்கு 12 அடி நீளம், 10 அடி அகலம், 7 அடி ஆழம். பெக்கோ, அதுதான் மண் வெட்டுற மெஷின், வைச்சிருக்கிற நாலு பேரிட்ட விலை கேட்டன். நாலு பேரிட்டயும் நான் கேட்டது ஒரே கேள்விதான், மெஷின் மணித்தியாலத்துக்கு எவ்வளவு? அங்கதான் பிழை விட்டனான். எல்லாரிலயும் ஆயிரம் ரூபா குறைச்சுச் சொன்னவரைப் பிடிச்சன். அவர் இடத்தைப் பாக்கவே வரேல்ல, வட்ஸ்அப்பில ஃபோட்டோ அனுப்புங்கோ மிஸ், காணும் எண்டார். கதைச்சு முடியேக்க ஹஸ்பண்ட் வீட்டில இல்லையா எண்டும் ஒருக்காக் கேட்டார். அந்த இடத்திலயே ஃபோனை வைச்சிருக்கோணும்.

ஒக்டோபர் மாசம். கொழும்பில ஒக்டோபர் எண்டா தெரியும்தானே, காலமை பளீரெண்டு வெயில், பின்னேரம் நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டும். எங்கட மேசன் பாஸ் சொன்னவர், அக்கா தை மாசி வரைக்கும் பொறுப்பம் எண்டு. நான்தான் கேக்கேல்ல. வெள்ளிக்கிழமை மெஷின் வந்துது, மூண்டு மணித்தியாலத்தில கிடங்கு ரெடி. வெட்டின மண்ணில பாதியை டிப்பர் கொண்டு போட்டுது, மிச்சத்தை நாளைக்கு எடுக்கிறம் எண்டு பக்கத்து வீட்டு அன்ரீன்ட மதிலோட, கிடங்கு விளிம்பில, மலை மாதிரிக் குவிச்சு வைச்சிட்டு மெஷினை வேற வேலைக்கு ஏத்திக்கொண்டு போட்டினம்.

ஒரு கியூப் மண் எண்டா 100 கன அடி. நாலு தொன்னுக்குக் கிட்ட நிறை. மழைத்தண்ணியைக் குடிச்சா இன்னும் கூட. விளிம்பில குவிச்சிருந்தது நாலு கியூபாவது இருக்கும். அதாவது வெட்டிப்போட்டு ஒரு முட்டும் குடுக்காம நிக்கிற மண் சுவருக்கு மேல பதினாறு தொன்னை ஏத்தி வைச்சிட்டுப் போயிருக்கினம். இரவு பத்து மணிக்குப் பிறகு மழை. ரெண்டு மணிபோல ஏதோ பெரிய மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். டோர்ச் அடிச்சுப் பாத்தா கிடங்கின்ட ஒரு பக்கம் அப்பிடியே வழுகி உள்ள போயிட்டுது, அன்ரீன்ட மதில் எங்கட பக்கம் சரிஞ்சு நிக்குது, அதில அவ வைச்சிருந்த ஓர்க்கிட் சட்டி ஒண்டு கிடங்குத் தண்ணியில மிதக்குது. அன்ரி நைட்டியோட குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்து நிண்டு, துவே, மொகத மே, மகளே இதென்ன, எண்டு மட்டும் சிங்களத்தில கேட்டா. ஏசியிருந்தாக்கூடப் பரவாயில்லை எண்டு இருந்துது எனக்கு.

காலமை கொன்ட்ராக்டர் ஃபோன் எடுக்கேல்ல. பின்னேரம் எடுத்து, மழைக்கு நான் என்ன செய்யிறது மிஸ் எண்டார். மதில்? அது ஏற்கனவே வெடிச்ச மதில் எண்டார். இல்லை எண்டு காட்ட என்னட்ட ஒரு ஃபோட்டோ இல்லை. எழுத்தில ஒண்டுமில்லை.

பிறகு பில் வந்துது பாருங்கோ, அது தனிக் கூத்து. 14 கியூப் மண் ஏத்தினதாம், ஏழு லோட், லோட்டுக்கு ரெண்டு கியூப். எனக்கு விசர் பிடிச்சு, கடைசி லோட் ஏத்த வந்த டிப்பரின்ட பெட்டியை டேப் வைச்சு அளந்தன். பத்தடி நீளம், ஆறரை அடி அகலம், ரெண்டரை அடி உயரம். பெருக்கினா 162 கன அடி. ஒண்டே முக்கால் கியூப் கூட இல்லை. ஏழு லோட்டும் சேந்து பதினொண்டரை கியூப் கூட வராது. 14க்குக் காசு குடுத்தன்.

இதில ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கோ, கிடங்கின்ட அளவை விட லோட்டில மண் கூட வாறது களவு இல்லை, எல்லா இடத்திலயும் உள்ளதுதான். நிலத்தில இறுகிக் கிடக்கிற மண்ணை வெட்டி மேல போட்டா பொருமும். எங்கட கிடங்கு கணக்குப்படி 8.4 கியூப், வெட்டி எடுத்தா மண்ணைப் பொறுத்து நாலிலொரு பங்கு கூடி பத்தரை மட்டில வரும். அப்ப கிடங்கை அளந்து காசா, டிப்பரை அளந்து காசா எண்டு முதலே கதைச்சு எழுதோணும். டிப்பர் எண்டா அந்தப் பெட்டியை முதல் லோட்டிலயே அளவுங்கோ. மணித்தியாலக் கணக்கெண்டா மெஷினில ஹவர் மீட்டர் இருக்கு, தொடங்கேக்கயும் முடியேக்கயும் ஓப்பரேட்டருக்கு முன்னால ஒரு ஃபோட்டோ. மெஷினை ஏத்தி இறக்கிற காசு தனியா, குறைஞ்சது எத்தினை மணித்தியாலம் பிடிப்பினம், எல்லாம் அந்தத் தாளிலயே வரட்டும். அந்த ஆயிரம் ரூபாயை அவை இதுகளுக்குள்ளதான் திருப்பி எடுக்கிறது.

பிறகு சரிஞ்ச கிடங்கைத் திருத்தி முடிக்க களுபோவிலயில இருந்து ஒரு நானா, முஸ்லிம் அண்ணை ஒராள், வந்தார். விலை கூடத்தான். ஆனா கையில ஒரு அலவாங்கோட வந்தார். வந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கேல்ல, முற்றத்தில நாலு இடத்தில குத்திப் பாத்திட்டு, தங்கச்சி, தண்ணி லைன் எதால போகுது, பழைய கக்கூஸ் குழி எங்க இருந்துது, மாரியில எத்தினை அடியில தண்ணி காணும் எண்டு கேட்டார். கடைசியா, மண்ணை எங்க போடப் போறீங்க எண்டார். நான் முழிச்சன். முதல் ஆளிட்ட வேலை நடக்கேக்க இதையே நான் கேட்டதுக்கு, அது எங்கட பிரச்சினை மிஸ், உங்களுக்கேன் எண்டு சொன்னவர்.

எனக்கேனோ? டிப்பர் ட்ரைவர் பிறகு சொன்னார், எங்கயோ ஒரு பள்ளக் காணியில கொட்டினதாம். கொழும்பில பள்ளக் காணி எண்டா கனக்க இடத்தில மழைத்தண்ணி போய் நிக்கிற சதுப்பு நிலம். 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்படி கொழும்பை ஈரநில நகரம் எண்டு அறிவிச்சினம், அந்த நிலத்தை நாங்கள்தான் லோட் லோட்டா மூடுறம். 2016 மே வெள்ளத்தில கொலன்னாவையில எங்கட சித்தி வீட்டில இடுப்பளவு தண்ணி. அப்ப நானே முகநூலில அரசாங்கத்தை ஏசி எழுதினனான். என்ட ஏழு லோட் எந்தச் சித்தி வீட்டு வாசலுக்குத் தண்ணியைத் தள்ளப் போகுதோ. வெட்டின மண்ணை வெளியில கொண்டு போறதெண்டா சுரங்கப் பணியகத்தின்ட அனுமதி வேணும், பள்ளக் காணியை நிரப்பிறதுக்கு வேற அனுமதி. பேர்மிட்டைக் காட்டச் சொன்னா ஆள் எப்பிடிப்பட்டவர் எண்டு முகத்திலயே தெரிஞ்சிடும்.

நானா மதில் பக்கம் மெஷினை விடேல்ல. நாலு நாலு அடியா, ஒண்டு விட்டு ஒண்டு, ஆக்களை வைச்சுக் கையால வெட்டி கொங்கிரீட் போட்டு முடிச்சிட்டுத்தான் நடுவில கிடந்த துண்டுகளைத் தொட்டார். ஊறின தண்ணியை இறைக்கேக்கயும் பம்பைச் சும்மா கிடங்குக்க போடாம, சல்லி போட்ட வாளியொண்டைத் தாட்டு அதுக்குள்ள வைச்சார், இல்லாட்டித் தண்ணியோட மணலும் இழுபட்டு வந்து பக்கத்து வீட்டு நிலம் இறங்குமாம். மண் எல்லாத்தையும் வெளியில அனுப்பவும் இல்லை, நாலு கியூபை முற்றத்திலயே ஒதுக்கி வைச்சு அத்திவாரத்துக்குள்ள நிரப்பிக் குத்தினார். லோட் காசு மிச்சம். கிருலப்பனைக் காரி, நீங்கள் வாய்க்காலுக்குக் கிட்ட, உங்கட மண் கறுப்பா சேறு மாதிரி வந்தா அதை நிரப்பப் பாவிக்காதீங்கோ, அமிழ்ந்து போகும், முதல் மண் சோதிக்கிற ஆக்களுக்குக் காட்டுங்கோ.

அன்ரீன்ட மதிலை நாங்கள்தான் கட்டிக் குடுத்தம், சம்ப் வெட்டின கூலியை விடக் கூட முடிஞ்சுது. பெயின்ட் மட்டும் இன்னும் அடிக்கேல்ல. கலர் காட் மூண்டாம் தரம் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன், ஓர்க்கிட் பூத்தாப் பிறகு அதுக்குத் தோதாப் பாத்துச் சொல்லுறன் எண்டு சொல்லியிருக்கிறா.